ஒன்றுவிட்ட நாள்

பனச்சமூட்டுச் சந்தையில்
மீன் கூடை ஒரு மாநிலத்தில், தராசு இன்னொன்றில்.
நான் எல்லைக் கல்லைத் தாண்டிப் போனது மீனுக்கு அல்ல.
இந்தப் பக்கத்து ஆஸ்பத்திரியில்
சீட்டு எழுதுகிறவள் என் மதினியின் கூட்டுக்காரி.

அந்தப் பக்கத்தில் விரல் நுனியைக் குத்தினார்கள்.
விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு
முந்நூறு மரத்தின் பட்டையைச் சரித்து வெட்டுகிறவன்
ஒரு சொட்டுக்குக் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஒரு கோடு வந்தால்
சோதனை ஒழுங்காக ஓடியது என்று பொருளாம்.
இரண்டாவது கோடு
மெல்ல, மண்சுவரில் ஈரம் ஏறுவதுபோல் வந்தது.
ஒன்றை மட்டும் நம்ப மாட்டார்கள்.
வேறு பெட்டி, பிறகு இன்னொரு பெட்டி.
மூன்றும் ஒரே சொல்லைச் சொல்லின.

பிரசன்னா சிஸ்டர் கதவைச் சாத்தினார்.
"சாவைப் பற்றி நாற்பது வருஷம் கழித்துப் பேசலாம்.
இப்போது மாத்திரை. தினமும் ராத்திரி ஒன்று."

ஒருநாள் விட்டு ஒருநாள் போதாதா என்று கேட்டேன்.
மரத்துக்கு அப்படித்தான்,
இன்று வெட்டினால் நாளை ஓய்வு,
இல்லையென்றால் பட்டை வறண்டுபோகும்.

அவர் சிரிக்கவில்லை.
"மரத்துக்கு ஓய்வு கொடுங்கள். இதற்குக் கொடுக்காதீர்கள்.
நீங்கள் விடுகிற நாளில்
இது மருந்தைப் படித்துக்கொள்ளும்."

புஷ்பலீலாவிடம் எட்டு நாள் கழித்துச் சொன்னேன்.
ஷீட் அடிக்கும் ரோலரைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.
நிறுத்தவில்லை.
கடைசி ஷீட்டும் வெளியே வந்த பிறகு
ஆசிட் வாடையடிக்கும் கையைத் துடைத்துக்கொண்டு
"எனக்கு எப்போ பாக்கணும்?" என்றாள்.

அவளுக்கு ஒரு கோடு.
மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோதும் ஒரு கோடுதான்.
நடுவில் அந்த மூன்று மாதமும்
சோறு விளம்பினாள், பேசவில்லை.
அதை அளக்க அவர்களிடம் பெட்டி கிடையாது.

இடவப்பாதி மழைக்கு முன்
மரத்துக்கெல்லாம் பிளாஸ்டிக் பாவாடை கட்டினோம்.
தார் ஒட்டிய விரலோடு
அவள்தான் முதலில் சிரித்தாள்:
"சிஸ்டர் தந்துவிட்ட உறையும் இதுதானே!"
அன்றிரவே மழை வந்தது.

ஆறாம் மாதம், ரத்தம் கொடுக்கும் வரிசை.
எனக்கு முன்னால் ஒருவன்
செய்தித்தாளை முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தான்,
தலைகீழாக.
அந்தக் காது எனக்குத் தெரிந்த காது.
என் விளைக்கு மேல் விளையில் வெட்டுகிற வின்சிலாஸ்.
என் கண்ணில் படாதிருக்க
அவன் இத்தனை தூரம் வந்திருக்கிறான்.
நானும் அவன் கண்ணில் படாதிருக்கத்தான்.

திரும்பும் பஸ்ஸில் வெள்ளறடை வரை
ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்தோம்.
இறங்கும்போது கேட்டான்:
"எத்தனை மணிக்குப் போடுதே?"
"ஒம்பது."
"எனக்கும்."
அன்றிலிருந்து ஒன்பதுக்கு என் போன்
ஒரு தடவை அடித்து அடங்கும்.
நான் ஒரு தடவை திருப்பி அடிப்பேன். காசு ஆகாது.

இந்த வருஷத் தாளில்
கண்டறிய இயலவில்லை என்று எழுதியிருந்தது.
"அப்போ போயிடுச்சா?"
"மரத்தை வெளியே பார்த்தால் பால் தெரியுமா?" என்றார் சிஸ்டர்.
"உள்ளே இருக்கும். மாத்திரையை விட்டால் வரும்.
இப்படியே அடங்கிக் கிடக்கிறவரை
படுக்கையில் உங்களிடமிருந்து அவளுக்குப் போகாது."
புஷ்பலீலா அந்தத் தாளைக் கேட்டு வாங்கி
ரேஷன் கார்டுக்குள் வைத்தாள்.

நேற்று ஒன்பதாயிற்று. போன் அடிக்கவில்லை.
என்னுடையதை விழுங்கிவிட்டுக் காத்திருந்தேன்.
பத்து மணிக்கு நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு
மேல் விளைக்கு ஏறினேன்.
வெட்டும் நேரம் அல்ல என்று நாய்களுக்கும் தெரிந்திருந்தது.

வின்சிலாஸ் படியில் உட்கார்ந்திருந்தான்.
போனில் சார்ஜ் இல்லை என்றான்.
மாத்திரை?
வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டினான்.
விளக்கை அருகில் பிடித்துப் பார்த்தேன்.
வாயில் ஒன்றும் இல்லை.

டப்பாவைக் கொண்டுவரச் சொன்னேன்.
இருவரும் ஒரே நாளில் வாங்கியது.
என்னிடம் பதினேழு மிச்சம்.
உள்ளங்கையில் கொட்டி எண்ணினேன், பதினெட்டு.

குடத்தில் தண்ணீர் மொண்டு
அவன் முன்னால் நீட்டினேன்.