பதினொன்றாம் பக்கம்

ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில்
எங்கள் வரிசைக்கும் எதிர் வரிசைக்கும் நடுவே
இங்கிலீஷ் 'எல்' மாதிரி குழி வெட்டினார்கள்.
பெரியவர்களுக்கு அது பதுங்குகுழி.
எனக்கும் தணிகைவேலுக்கும்
பாதி கட்டி நிறுத்திய கப்பல்.

சைரன் ஊதினால் காதில் பஞ்சு,
பல்லுக்கு நடுவில் ரப்பர்.
பள்ளியில் சொல்லித் தந்திருந்தார்கள்:
குண்டு விழும் அதிர்ச்சியில்
நாக்கைக் கடித்துக்கொண்டுவிடுவோமாம்.

அந்த டிசம்பரில் நான் கதை எழுதிக்கொண்டிருந்தேன்.
நாற்பது பக்க நோட்டு.
என் போரில் பீரங்கிகள் தும்மும்.
எதிரிகளுக்கு ஜலதோஷம் பிடித்து
கைக்குட்டை கேட்டுச் சரணடைவார்கள்.
நாயகன் ஹவில்தார் ஏகாம்பரம்,
தணிகைவேலின் அப்பா.
மகனை மாமா வீட்டில் விட்டுவிட்டு
மேற்கே எங்கோ போயிருந்தார்.
போட்டோவில் பார்த்த மீசைதான் எனக்குத் தெரியும்.
மீதியை நானே செய்துகொண்டேன்.

ஐந்து மணிக்குக் குழிக்குள் இறங்கிப் படித்துக் காட்டுவேன்.
"எங்கப்பாவுக்கு இன்னொரு சண்டை குடு" என்பான்.
கொடுத்தேன்.

பத்துப் பக்கம் ஜெயித்தவரை வைத்துக்கொண்டு
என்னதான் செய்வது?
பதினொன்றாம் பக்கத்தில் ஆற்றைக் கடக்கும்போது
சுட்டுவிட்டேன்.
அழகான சாவு. நிலா இருந்தது.
கொடியைக் குதிரையின் வாயில் கொடுத்துவிட்டு விழுந்தார்.
அன்றைக்குக் காய்ச்சல் என்று பொய் சொல்லி
வீட்டிலேயே இருந்தேன்.

வியாழக்கிழமை தந்தி வந்தது.
அவன் மாமி அதை அப்பாவிடம் கொண்டுவந்தாள்.
பழுப்புத் தாள் ஒட்டிய ஜன்னல்,
தகரம் கவிழ்த்த பல்ப்.
எட்டே வார்த்தை. அதிலும் ஒன்று அவருடைய நம்பர்.
அதைத் தமிழில் சொல்ல
அப்பாவுக்கு வெகுநேரம் ஆயிற்று.
"காணோம்னுதான் போட்டிருக்கு."

ராத்திரி போர்வைக்குள் டார்ச் அடித்து
பல்தடம் பதிந்த ரப்பரால் அழித்தேன்.
குதிரை போயிற்று. நிலா போயிற்று.
'விழுந்தார்' என்பதை மட்டும் அழுத்தி எழுதியிருந்தேன் போல.
தேய்க்கத் தேய்க்கத் தாள் கிழிந்தது.

மறுநாள் அவனே வந்தான்.
"காணோம்னா எங்கயோ இருக்காருன்னுதானே அர்த்தம்?
நீ எங்க வெச்சிருக்க?"
நோட்டைப் பிடுங்கிப் புரட்டினான்.
கிழிசலுக்குள் சுண்டுவிரலை விட்டு
"இதுக்குள்ளயா?" என்றான்.

ஆமாம் என்றேன்.

ஜனவரியில் குழியை மூட ஆள் வந்தார்கள்.
வெட்டியெடுத்த மண் போதவில்லை.
லாரியில் கொண்டுவந்து கொட்டினார்கள்.