சொன்னபடியே

துவாசில் ஓர் அலுவலகம். மூன்றாம் மாடி.
குளிரூட்டி பதினெட்டில்.
கழுத்தில் மொழிபெயர்ப்பாளர் அட்டையோடு நான்.
இடப்பக்கம் அடைக்கலம், பாரந்தூக்கிக்குச் சைகை காட்டுபவர்.
வலப்பக்கம் பூவேந்திரன், மேற்பார்வையாளர், வந்து ஐந்து வாரம்.
இருவருக்கும் தமிழ் தெரியும்.
எதிரே இருக்கும் மிஸ் கோவுக்குத் தெரியாது.
அவர் படிவத்தில் ஒரு கட்டம்:
பேசிய சொற்கள், சொன்னபடியே.

மூன்றே சொல்.
செவ்வாய் காலை ஒன்பது இருபதுக்கு
நாற்பது பேர் கேட்க அடைக்கலம் கத்தியது:
"கூறுகெட்ட பயலே, தள்ளு!"

பயலே எளிது. தள்ளு அதைவிட எளிது.
கூறில் வந்து நின்றுவிட்டேன்.

கைப்பேசி அகராதி ஆங்கிலத்தில் இரண்டு சொல் தருகிறது.
அதையே திருப்பிப் போட்டால் பொது அறிவு என்கிறது.
பொது அறிவா?
அது மங்கோலியாவின் தலைநகர்,
தொடக்கப்பள்ளி வினாடி வினா, ஆறுதல் பரிசாக ஒரு பேனா.
கூறுள்ளவனுக்கு மங்கோலியா வேண்டாம்.
தலைக்கு மேலே என்ன தொங்குகிறது
என்று தெரிந்தால் போதும்.

தண்ணீர் குடிக்கிறேன்.
மிஸ் கோ பேனாவை மூடித் திறக்கிறார்.

கூறு என்றால் பங்கு.
அண்ணன் தம்பி கூறுபோட்ட வீடு.
பிணவறையில் அறுத்துப் பார்ப்பதும் உடற்கூறு.
கூறு என்றால் சொல்.
"இரு காரணங்கள் கூறுக", நான்கு மதிப்பெண்,
எனக்கு எப்போதும் ஒரு காரணம்தான் தெரியும்.
சாக்கில் குவித்த கத்தரிக்காயும் கூறுதான்.
தேக்காவில் அதைத் தட்டில் வைத்து இரண்டு வெள்ளி என்கிறார்கள்,
தட்டுகெட்டவனே என்று யாரையும் திட்ட முடியாது.

பிறக்குமுன் யாரோ அறிவைக் குவித்து வைத்திருக்க வேண்டும்,
ஆளுக்கு ஒரு கூறு, பேரம் கிடையாது.
சிலர் எடுத்ததில் இரண்டு சொத்தை.

இறங்குபவரை விடாமல் ரயிலுக்குள் முட்டும் ஆளுக்கு,
வெள்ளித்தாளோடு சோற்றை மைக்ரோவேவில் வைத்த என் கணவருக்கு,
வாயில் வந்ததெல்லாம் இந்தச் சொல்தான்.
இருக்கும்போது யாரும் பேசுவதில்லை.
வயிறு மாதிரி,
கெட்டால்தான் பெயர் சொல்கிறோம்.

"அது ஆபாசமான வார்த்தையா?" என்கிறார் மிஸ் கோ.
இல்லை.
"அவமதிப்பா?"
சொல்பவரைப் பொறுத்து, என்று சொல்ல வாய் வருகிறது.
என் வேலையில் சொந்தக் கருத்துக்கு இடமில்லை.
அவரிடமே கேட்கட்டுமா?

அடைக்கலம் மேசையைப் பார்த்துப் பேசுகிறார்:
"மேல ரெண்டு டன் கம்பி ஆடுது.
கீழ இவரு போன்ல.
'தங்களின் மேலான கவனத்திற்கு'ன்னு
ஆரம்பிச்சிருக்கணும்ங்கிறாங்களா?"

மொழிபெயர்த்தேன்.
மேலான கவனத்தில் கொஞ்சம் தடுமாறினேன்.

மிஸ் கோ வலப்பக்கம் திரும்பினார்.
அந்த வார்த்தை கேட்டதும் நகர்ந்தீர்களா?
பூவேந்திரன் சட்டைப் பொத்தானைத் திருகினார்.
நகர்ந்தேன்.
யோசித்தா?
இல்லை.
எவ்வளவு தூரம்?
அவர் கையை விரித்துக் காட்டினார்,
பிறகு இன்னும் கொஞ்சம் விரித்தார்.

அதற்கு என் தேவை இருக்கவில்லை.

கட்டத்தில் கூறு என்றே
ஆங்கில எழுத்தில் எழுதச் சொன்னேன்.
மிஸ் கோ எழுத்துக்கூட்டி,
கடைசி எழுத்தை அடித்து மறுபடி எழுதினார்.
முடிவு அடுத்த வாரமாம்.
மின்தூக்கியில் இருவரும் ஆளுக்கொரு மூலையில்
எண்கள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஜூ கூன் நிலையத்தை எட்டும்போது மழை.
குடை மூன்றாம் மாடியில், நாற்காலிக் காலில் சாய்ந்தபடி.
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்,
மொழிபெயர்க்காமல்.