கையை ஒரு தரம் அழுத்தினால்

கோடு போட்ட சட்டையில் நடுவே ஓடுகிற ஆள் நான்.
என்னை யாரும் பார்க்கக் கூடாது. அதற்குத்தான் சம்பளம்:
ஆட்டத்துக்கு நாற்பது வெள்ளி, ஒரு பொட்டலம் நாசி லெமாக்.

லோகேந்திரனைப் பார்ப்பார்கள்.
சுவரொட்டியில் 'லாக்கப்' லோகு.
தோ பாயோ சமூக மன்றத்தில்
பூப்பந்துக் கோடுகள் மேல் மேடை, எண்பது மடக்கு நாற்காலி.
பொம்மைக் கைவிலங்கைச் சுழற்றிக்கொண்டு வருவான்.
எண்பதும் சேர்ந்து ஊளையிடும்.
கல்யாண வீட்டு வாசலில் நிற்பவன்போல்
ஒவ்வொருவருக்கும் தலை வணங்குவான்.

வில்லன்தான். அந்த முகத்துக்கு வேறென்ன கொடுப்பார்கள்?

இடது முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை ஒரு தழும்பு.
"மேக்கப் பா," என்றான் முன்வரிசைப் பையன்.
பூன் லேயில், பதினைந்து வயதில்,
தலைக்கு வந்த பாராங்குக்குக் குறுக்கே போன கை அது.
ஹைருலை நாற்காலியால் அடிக்கும்போது
அதே பையன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான்.
ஹைருலுக்கு வலித்ததே இல்லை.
தட்டையான பக்கம், தோளுக்குக் கீழே.
சத்தம் மட்டும்தான் அடி.

பன்னிரண்டில் வீட்டைவிட்டு வந்து வாய்ட் டெக்கில் படுத்தான்.
சேர்ந்த கும்பலுக்குப் பெயர் கிடையாது, மூன்று இலக்கம்.
பதினாறில் சிறுவர் இல்லம்.
இருபதில் சாங்கி, ஆறு பிரம்படி.
எண்ணிச் சொல்ல அங்கேயும் ஓர் ஆள் நின்றானாம்.
"நீ மூன்றோடு நிறுத்திவிடுகிறாய்,
அதனால் உன்னைப் பிடிக்கும்," என்றான் என்னிடம்.

காக்கி புக்கிட் கிடங்கு, மூன்றாம் மாடி.
முதல் ஆறு மாதம் விழுவது மட்டும்தான் பாடம்.
தாடையை நெஞ்சோடு சேர், மூச்சை விடு,
உள்ளங்கைகள் தரையை அறையட்டும்.
எனக்கு விழத் தெரியும் என்று விழுந்து காட்டினான்.
தலை முதலில் போயிற்று.

பகலில் அங் மோ கியோவில் லிஃப்ட் பழுது பார்ப்பான்.
ஒசாகாவில் ஒரே ஒருமுறை, பதினொரு நிமிஷம், தோல்வி.
அந்த விமானச் சீட்டின் அடித்துண்டு
இன்னும் அவன் பர்சில் இருக்கிறது.
ஜொகூரில் பட்டம் வென்றான்.
பெல்ட்டை இடுப்பில் கட்டச் சொன்னோம்.
என்டியுசி பையில் போட்டு ரயிலேறினான்.
பெல்ட் என்றால், அவன் வீட்டில் எடுப்பவர் ஒருவர்தான்.

அவர் ஒருமுறை வந்தார். கடைசி வரிசை.
எல்லோரும் ஊளையிட,
அவர் மட்டும் எழுந்து நின்று கைதட்டினார்.
லோகு ஒரு கணம் எங்கேயோ போய்விட்டான்.
அடுத்த குத்தில் ஹைருலின் மூக்கு உடைந்தது, நிஜமாகவே.
"சூப்பர் மேக்கப்" என்றது முன்வரிசை.

ஒன்று சொல்கிறேன், வெளியே சொல்லாதீர்கள்.
விழுந்தவன் அசையாமல் கிடந்தால்
நான் குனிந்து அவன் கையைப் பிடிப்பேன்.
ஒரு தரம் அழுத்தினால், நலம், ஆட்டம் நடக்கட்டும்.
அழுத்தாவிட்டால்
என் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே குறுக்காக வைப்பேன்.
அத்தோடு பொய் முடிந்தது. ஆம்புலன்ஸ்.
பதினோரு வருஷத்தில்
லோகுவுக்காக அப்படிக் கை தூக்கியதில்லை.

போன வியாழன், மண்டாய்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
பெட்டி தானாகத் தண்டவாளத்தில் நகர்ந்தது.
யாரோ தேவாரம் பாடினார்கள், பாதியில் அடி மறந்துபோய்.
லோகு அழவில்லை. கண்ணிமைகூட அசையவில்லை.
பழக்கதோஷம். அவன் கையைப் பிடித்தேன்.

ஒன்று.
இரண்டு.

என் கைகள் மேலே எழும்பப் பார்த்தன.

அப்புறம் அழுத்தினான்.
எலும்பு நொறுங்குகிற மாதிரி; நாற்பது வெள்ளிக்கு மேல்.

வெளியே பஸ்ஸுக்கு நின்றோம்.
ஹைருல் பொட்டலப் பாலில் ஸ்ட்ராவைக் குத்திக் கொடுத்தான்,
மூக்கு இன்னும் கொஞ்சம் கோணல்.
"சனிக்கிழமை யார் ஜெயிக்கிறது?" என்றான் லோகு.
"ஹைருல். ஒன்பதாம் நிமிஷம்."
"சரி," என்று ஒரு மடக்குக் குடித்தான்.
"நாற்காலி வேண்டாம், லா. இந்த ஒரு வாரம்."