கம்பியின் மேல்முனை

கேமராவைப் பார்ப்பது என் வேலை இல்லை.
இரும்புக் கம்பியை விடுவது, இழுப்பது,
கடலின் தரைக்கு ஒன்றரை மீட்டர் மேலே
அதை நிறுத்திவைப்பது.
ஐந்நூறு மீட்டருக்குக் கீழே என்ன நடக்கிறதென்று
காதுக் கருவியில் வீப்கே சொல்வாள்.

பிப்ரவரி. வெட்டெல் கடல்.
இரவென்று கடிகாரம் மட்டும் சொன்னது.
பனித்தட்டின் விளிம்பில் சூரியன்
எழுந்து போக மனமில்லாத விருந்தாளிபோல் உட்கார்ந்திருந்தது.
கையுறைக்குள் விரல்கள் இருக்கின்றன என்பதை
நம்பித்தான் ஆகவேண்டும்.

"சேறு," என்றாள்.
"சேறு. ஒரு கடல்வெள்ளரி. சேறு."
மூன்று வாரமாக எங்களுக்குள் இதுதான் பேச்சு.

பிறகு, "ஒரு குழி."
பிறகு, "குழிக்குள் ஒரு மீன்."
அரை மீட்டர் இழு என்றாள். இழுத்தேன்.
"வட்டமா இருக்கு ஒன்னோ,
யாரோ தாம்பாளத்தை வைத்து அழுத்தின மாதிரி.
நடுவில் கூழாங்கல். கல்மேல் முட்டை.
முட்டைமேல் மீன்."
பிறகு,
"இன்னொன்று."
"இன்னொன்று."
"இன்னொன்று."

அரை மணி கழித்து எண்ணுவதை விட்டாள்.
ஒரு மணி கழித்து யாரையோ எழுப்பப் போனாள்,
நாற்காலி நகரும் ஓசை கேட்டது.
திரும்பி வந்தவை மூன்று குரல்கள்.
ஒருவருக்கும் முழு வாக்கியம் வாய்க்கவில்லை.
கப்பல் போய்க்கொண்டே இருந்தது,
கூடுகள் வந்துகொண்டே இருந்தன,
நான் அலை ஏறினால் விடுவதும் இறங்கினால் இழுப்பதுமாய்
முகம் பார்க்காத பிள்ளைக்குத்
தூளி ஆட்டிக்கொண்டிருந்தேன்.

நான்கு மணி நேரம்.

ஒன்று சொல்லிவிடுகிறேன்.
இந்த வேலைக்கு முன் பதினோரு வருடம்
குக்ஸ்ஹாஃபனிலிருந்து இழுவலைப் படகில் போனவன் நான்.
அந்த வின்ச்சும் இதே சத்தம்தான் போடும்.
வலை மேலே வர வர கயிறு கனக்கும்.
அந்தக் கனம்தான் கூலி.
கீழே எப்படி இருந்ததென்று கேட்டதில்லை.
மேலே வந்ததுதான் மீன்,
மேலே வராதது எதுவும் கிடையாது.

இந்தக் கம்பி கனக்கவே இல்லை.

என் முறை முடிந்து உள்ளே போனேன்.
ஹௌகே எழுந்து நாற்காலியைத் தந்தான்.
திரையில் பனிமீன்,
பாதி சதை, பாதி கண்ணாடி.
அதன் இரத்தத்தில் சிவப்பே கிடையாதாம்,
குளிர்ந்த நீரில் கரைந்த ஆக்ஸிஜனே போதுமாம்.
"வெட்டினால் தண்ணீர் மாதிரிதான் வரும்" என்றான்.
அவன் வெட்டிப் பார்த்தவன். அதனால் மெதுவாகச் சொன்னான்.

விளக்கு ஒவ்வொன்றின் தலைக்கு மேலும் கடந்தது.
ஒன்றும் நகரவில்லை.
சில கூடுகளில் முட்டை மட்டும், ஆள் இல்லை.
ஒன்றில் மீன் செத்துக் கிடந்தது,
முட்டைகளின் பக்கத்திலேயே,
பொறுப்பை யாரிடமும் ஒப்படைக்காமல்.

ஆறு கோடிக் கூடுகள் இருக்கலாமென்று
பிறகு கணக்குப் போட்டார்கள்.
கோடி எனக்குப் பிடிபடாது.
சாப்பாட்டுக் கூடத்து வட்டமேசை அளவு ஒன்று,
இரண்டு எட்டு வைத்தால் அடுத்தது,
அங்கிருந்து இரண்டு எட்டு.
அப்படியே நடந்து பார்த்தேன், மனதுக்குள்,
ஹாம்பர்க் வரை போய்விட்டு
சூப் ஆறிவிட்டதால் திரும்பி வந்தேன்.

"கண்டுபிடித்துவிட்டோம்!"
யாரோ மேசையைத் தட்டினார்கள். புட்டி திறந்தது.
சன்னலுக்கு வெளியே பனிப்பிளவில்
ஒரு சீல் தலை நீட்டி மூச்சு வாங்கியது.
மீசையில் நீர் சொட்ட எங்களைப் பார்த்தது,
நல்ல சாப்பாட்டுக் கடையை
இன்றைக்குத்தான் கேள்விப்பட்டவர்களை
அந்தத் தெருக்காரர் பார்ப்பதுபோல.
பிறகு மூழ்கியது.
வழி கேட்கவில்லை.

மறுநாள் மறுபடி என் முறை.
"சேறு," என்றாள் வீப்கே. "சேறு. சேறு."
கம்பியை இன்னும் ஒரு சாண் உயர்த்திப் பிடித்தேன்,
அவள் சொல்லாமலே.