இருபத்தெட்டாம் நாள்

முதல் வருடத்தில் சிவில் என்று எதுவுமே இல்லை.
கணிதம், வேதியியல், அரபு அறிமுகம்.
ஷார்ஜா வளாகத்துப் பேரீச்சை நிழலில்
எல்லாத் துறைக்காரர்களோடும் கலந்து கிடந்தோம்,
மூன்று பேருக்கு ஒரு கால்குலேட்டர்.
"கட்டடம் எப்பதான் கட்டுவே?"
அடுத்த அறையிலிருந்து அம்மா கேட்பாள்.
நான் ஒரு சாய்தளத்தில்
ஒரு பெட்டியை
உராய்வே இல்லாமல் வழுக்கவிட்டுக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் வருடம் பெட்டி உத்திரமாயிற்று.
எதைப் பார்த்தாலும் அம்புக்குறி தெரியும் நோய் பிடித்தது:
நடைமேம்பாலத்தில், பால்கனித் துணிக்கொடியில்,
லிஃப்டில் நிற்கும் லூர்து ஆன்ட்டியின்
தோளை இழுக்கும் அரிசிப் பையில்.
சர்வே வகுப்பில் ஹமத் அளவுகோலைப் பிடித்து நின்றான்.
கானல் அவனை முழங்காலோடு வெட்டியிருந்தது.
புறப்பட்ட புள்ளிக்கே திரும்பி வந்தோம்,
சுற்று மூடவில்லை,
பதினாறு மில்லிமீட்டர் பிழை.
அந்த மாதம்தான் அப்பாவின் கம்பெனி
பாதிச் சம்பளம் போடத் தொடங்கியது.
அதுவும் மூடவில்லை.

மூன்றாம் வருடம் மண்.
டாக்டர் எல்தயிப் ஒரு தட்டில்
சப்கா மண்ணைக் கொண்டுவந்து
நக்கிப் பாருங்கள் என்றார்.
நான் மட்டும் நக்கினேன்.
உப்பு.
காய்ந்தால் பாறைபோல நிற்கும்,
ஒரு குடம் தண்ணீருக்குக் காலை வாரிவிடும்,
கம்பியைச் சத்தமில்லாமல் தின்னும்.
"உங்கள் ஊர் இதன்மேல்தான் நிற்கிறது."
உங்கள் ஊர்.
அதை மட்டும் குறிப்பேட்டில் எழுதி
அடிக்கோடு போட்டேன்.
பிறந்தது இங்கேதான்.
விசாவை மட்டும்
வருடா வருடம் புதுப்பிக்கவேண்டும்.

பிறகு அந்த ஜூலை, அஜ்மானில் பயிற்சி.
பகலில் கலவை தாங்காது,
இரவு ஒரு மணிக்குத்தான் கான்கிரீட்,
தண்ணீருக்குப் பதில் பாதி ஐஸ்.
லாரி வந்ததும் வெப்பமானியைச் செருகவேண்டும்,
அவ்வளவுதான் என் வேலை.
முப்பத்திரண்டு வரை சரி.
முப்பத்துநான்கு காட்டியது.
"திருப்புங்க" என்றேன்.
டிரைவர் குல்ஷேர் என்னைப் பார்த்தார்,
என் ஹெல்மெட்டைப் பார்த்தார்,
யாராவது பெரியவர் வருவாரா என்று பார்த்தார்,
திருப்பினார்.
பின்வாங்கும் லாரியின் அந்த பீப் பீப்பை
எப்படித் தாங்குவதென்று
எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை.

அடுத்த லாரியில் ஆறு கனசதுரங்கள் எடுத்தேன்.
ஏழாம் நாள் மூன்றை நசுக்கினோம்.
பரவாயில்லை என்றது எண்.
மீதி மூன்றும் தொட்டியில், நீருக்கடியில்,
என் கையெழுத்தோடு.
நாளை இருபத்தெட்டு.
நான்காம் வருடத்தின் முதல் தவணைக்கும்
நாளைதான் கடைசி நாள்.

"கட்டியாச்சா?"
அடுத்த அறையிலிருந்து அம்மா.
எதை என்று அவளும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.
"இன்னும் தண்ணியிலதாம்மா கெடக்கு."