லேத்தோடு வரும் தாள்

செண்பகவடிவு மேடம்,
பிக்கப் ஓட்டும் குல் ஜமானிடம்
எண்பது கிலோ என்று சொல்லிவைத்திருக்கிறேன்.
தொண்ணூற்றிரண்டு.
அஜ்மானில் ஏற்ற நான் இருந்தேன்,
ஷார்ஜாவில் இறக்க ஓர் ஆளைத் தேடிக்கொள்ளுங்கள்.
சக்கில் மட்டும் கயிறு போட விடாதீர்கள்.

வந்த அன்றே ஓட்டவேண்டாம்.
பெட்டின் மேல் ரசமட்டம் வைத்து
எந்தக் கால் நொண்டுகிறது என்று பாருங்கள்.
பெப்சி டப்பாவைக் கத்தரித்தால்
பத்தில் ஒரு மில்லி தகடு.
கீழே பக்காலாவில் ஒன்றரைத் திர்ஹாம்,
குடிக்க பெப்சி இலவசம்.

டூல் முனை மையத்தில் நிற்கிறதா?
ராடுக்கும் முனைக்கும் நடுவே
ஸ்டீல் ஸ்கேலைச் செங்குத்தாக, மெல்லக் கவ்வக் கொடுங்கள்.
மேல்தலை உங்கள் பக்கம் சாய்ந்தால்
டூல் தாழ்ந்திருக்கிறது.
அந்தப் பக்கம் சாய்ந்தால் உயர்ந்திருக்கிறது.
நேராக நின்றால் மூச்சை விடலாம்.

ஆகஸ்டில்
பால்கனிக் கதவைத் திறந்துபோட்டு
எண்பது மில்லி பித்தளை புஷ் ஒன்று கடைந்தேன்.
மைக்ரோமீட்டர் சரி என்றது,
நானும் சரி என்றேன்.
ராத்திரி முழுக்க ஏசியில் கிடந்து
காலையில் நூறில் மூன்று சிறுத்துப்போயிருந்தது.
மொத்தமாகச் சீவுவதை எப்போது வேண்டுமானாலும் சீவுங்கள்.
கடைசி வெட்டு மட்டும்
பொருளும் அளவுகோலும் நீங்களும்
ஒரே அறையில் ஒரு மணிநேரம்
சும்மா இருந்த பிறகு.

கடல் நாலு தெரு தள்ளித்தான்.
பத்து நாள் லீவில் ஊருக்குப் போய் வந்தேன்,
பெட் முழுக்க சுலைமானி நிறத்தில் துரு.
எண்ணெய் பூசினால் மணல் ஒட்டும்,
பூசாவிட்டால் இது.
துடைத்துவிட்டுப் பூசுங்கள்,
பூசியதைத் துடைத்துவிட்டு ஓட்டுங்கள்.
வேறு வழி நான் கண்டுபிடிக்கவில்லை.

துண்டாக அறுக்கும்போது மிஷின் அலறும்.
கை பயந்து ஃபீடைக் குறைக்கும்.
குறைக்காதீர்கள், இன்னும் அலறும்.
வேகத்தைப் பாதியாக்குங்கள்,
டூலை உள்ளே இழுத்து
நீட்டத்தைச் சுருக்குங்கள்,
ஃபீடை விடாமல் கொடுங்கள்.
எனக்கு இது புரிய ஏழு மாதம் ஆனது.
ஏழு மாதமும் கீழ்வீட்டு சூடான்காரர்
துடைப்பக்கட்டையால் கூரையை இடித்தார்.
அலறல் நின்ற வாரம் மேலே ஏறி வந்து
'மிஷின் ரிப்பேரா?' என்று கேட்டார்.
கொஞ்சம் கவலையாகத்தான் கேட்டார்.

சக் சாவி:
கையை எடுக்கும்போது சாவியையும் எடுங்கள்.
ஒரே ஒரு தடவை மறந்தேன்.
சுவரில் அது போட்ட பள்ளத்தின் மேல்
காலண்டர் தொங்குகிறது.
வாட்ச்மேனுக்குத் தெரியாது.
மாசம் கிழிக்கும்போதெல்லாம் எனக்குத் தெரியும்.
கையுறை போடாதீர்கள்.
துப்பட்டாவைப் பற்றிச் சொல்ல நினைத்தேன்,
பார்க்க வந்த அன்றே
அதைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டுத்தான்
மிஷின் பக்கத்தில் போனீர்கள்.
அப்போதுதான் விலையை இறக்கினேன்.

'ஏதாவது குறை உண்டா?' என்று
இரண்டு தடவை கேட்டீர்கள்.
இல்லை என்று இரண்டு தடவை சொன்னேன்.

கிராஸ் ஸ்லைடில்
பத்தில் இரண்டு மில்லி ஆட்டம் உண்டு.
எப்போதும் ஒரே பக்கமிருந்து சுற்றி வாருங்கள்.
அளவு தாண்டிவிட்டால்
அரைச் சுற்று பின்னே போய்
திரும்பவும் முன்னே வாருங்கள்.
சும்மா பின்னால் நகர்த்தி
கோடு பொருந்திவிட்டது என்று நம்பாதீர்கள்,
கைப்பிடி நகரும், டூல் அங்கேயே நிற்கும்.

அப்புறம் அந்தப் பல்சக்கரப் பெட்டி.
நாற்பது பல் சக்கரத்தை எண்ணிப்பாருங்கள்,
முப்பத்தொன்பது.
அதற்கடியில் ஐம்பது திர்ஹாம்
மடித்து வைத்திருக்கிறேன்.
எண்ணெய் பட்டிருக்கும்.
செல்லும்.

சந்தியாகு