முப்பத்து நான்கு டன் மிச்சம்

ஜுபைலில் ஈரக்காற்று அடிக்கும் இரவு.
ஆய்வகக் கண்ணாடிக்கு வெளிப்பக்கம் வியர்க்கிறது,
உள்ளே எனக்குக் குளிர்கிறது.
இரண்டு நாற்பதுக்குக் கம்ப்ரஸர் ஒருமுறை இருமியது.
கரியமில வாயு வரும் குழாயில்
முள் இறங்கி ஒரு கோட்டில் நின்றுவிட்டது.
தட்டிப் பார்த்தேன். நின்றது நின்றதுதான்.

ஷிஃப்ட் முழுவதற்கும் கணக்குப் போட்டேன்,
பழைய மாதிரிச் சீட்டின் முதுகில்.
அம்மோனியா முந்நூற்று நாற்பது டன்.
கரியமில வாயு முந்நூற்றுத் தொண்ணூற்றாறு.
பார்வைக்குப் பெரியது பின்னதுதான்.
எடை கூட்டத்தின் இரைச்சல்;
தலையை எண்ணினால்தான்
யார் வரவில்லை என்று தெரியும்.
இரண்டு அம்மோனியாவுக்கு ஒரு கரியமில வாயு,
முப்பத்து நான்குக்கு நாற்பத்து நான்கு.
என் முந்நூற்று நாற்பதுக்கு
நானூற்று நாற்பது வேண்டும்.
இல்லை.

உலகமே வேண்டாம் வேண்டாம் என்று விரட்டும் வாயு.
இந்த அறையில் நாங்கள் நான்கு பேர்
சும்மா உட்கார்ந்தே அதை விட்டுக்கொண்டிருக்கிறோம்.
அதற்குத்தான் இன்றைக்கு இங்கே பஞ்சம்.

மிஷால் போனில் கேட்டார்: யூரியா எவ்வளவு வரும்?
ஐந்நூற்று நாற்பது, அதற்குமேல் ஒரு கரண்டி வராது.
அம்மோனியாதான் தொட்டி நிறைய இருக்கிறதே, கூட்டிவிடு.
கூட்டலாம் சார்.
வலதுகால் செருப்பு மட்டும் நூறு வாங்கினால்
எத்தனை ஜோடி?
கொஞ்சநேரம் சத்தமில்லை.
பிறகு கேட்டார்,
வலதுகாலாக வாங்கி வைத்தவன் யார்?

என் அடையாள அட்டையில்
பன்னிரண்டு ஆங்கில எழுத்துக்குத்தான் இடம்.
கதிர்காமநாதன் அதில் பாதி வழியில் இறங்கி
'கதிர்காமனா?' என்று
யாரோ சந்தேகப்பட்டுக் கேட்பதுபோல் நிற்கிறான்.
மிச்ச நான்கு எழுத்து பாஸ்போர்ட்டில் பத்திரம்.
பெயர் குறைவில்லை, கட்டம் குறைவு.
பாடப்புத்தகம் இதற்கு வைத்த பெயர்
வினைக் கட்டுப்பாட்டுக் காரணி.
படித்த நாளில் நினைத்தேன்,
மேலதிகாரி எவனோ போலிருக்கிறது என்று.
எல்லாரிலும் முதலில் தீர்ந்துபோகிறவன் அவன்;
தீர்ந்துபோனதால் அதிகாரி.

நான்கு மணிக்கு வஸீர் பொட்டலம் பிரித்தான்.
ஏழு குபூஸ், நான்கு முட்டை.
இரண்டு குபூஸுக்கு நடுவே ஒரு முட்டை என்பது
இந்த ஷிஃப்டின் சமன்பாடு.
ரோமெல் என்னைப் பார்த்துச் சிரித்தான்:
சொல்லு கெமிஸ்ட்.
மூன்று, என்றேன்.
குபூஸ் ஒன்று மிச்சம், முட்டை ஒன்று மிச்சம்,
ஆள் ஒருவன் மிச்சம்.
வஸீர் மூன்றைச் செய்து எங்களுக்கு நீட்டிவிட்டு
கடைசி முட்டையைக் கடைசிக் குபூஸின் நடுவில் வைத்து
மடித்தான்.
கடித்துக்கொண்டே டேங்கர் பக்கம் போய்விட்டான்.

மூலக்கூறு மடியாது, வஸீர்.
அது மடிந்தால் எனக்கு வேலை இல்லை.

காலையில் தராசு சொன்னது: ஐந்நூற்றுப் பதின்மூன்று.
நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து.
நல்ல ராத்திரி என்றார்கள்.
உபரி முப்பத்து நான்கு டன் அம்மோனியா
பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்து மூன்றில்
தொட்டிக்குள் ஜோடிக்குக் காத்திருக்கிறது.
அதற்காவது விலாசம் உண்டு.
வர வேண்டியிருந்து வராத இருபத்தேழு டன் யூரியா?
உருவாகாமலே திரும்பியது பாதி,
பையூரெட்டாய்த் திரிந்தது கொஞ்சம்,
கழிவுநீரில் கரைந்தது, தூசியாய்ப் பறந்தது,
மாதிரிக்கென்று நானே எடுத்த குப்பிகள்.
அறிக்கையில் 'காரணம்' என்ற கட்டம்
இரண்டு விரல் அகலம்.
கம்ப்ரஸர் என்று எழுதினேன். கட்டம் நிறைந்தது.

பஸ்ஸில் ஏறும்போது பார்த்தேன்,
பூட்ஸின் தையலில் வெள்ளை மணி ஒன்று சிக்கியிருந்தது.
தட்டிவிடவில்லை.
ஐந்நூற்றுப் பதின்மூன்றும் சொச்சமும்.